மசராட்டிக்கும் 20,000... ஹெரால்டுக்கும் 20,000! தாத்தா காலத்து காருக்கு 'வின்டேஜ்' பதிவு லாபமா, நஷ்டமா? - முழு விவரம்

1960-களில் வந்த ஒரு இத்தாலி ஓப்பன் டாப் காரை வெளிநாட்டில் விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி, தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து பதிவு செய்ய முடியுமா? சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்கு 'முடியாது' என்பதுதான் பதில். 2025 தொடக்கத்தில் அந்தப் பதில் மாறிவிட்டது. 50 வயது தாண்டிய கார்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

கோடிகளில் விலைபோகும் கார்களைப் பற்றிய செய்திதானே, நமக்கென்ன என்று கடந்துவிட முடியாது. காரணம், 50 வயது கார் என்று சட்டம் சொல்லும்போது அதில் பழனி, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி பக்கம் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் அடக்கம். இத்தாலி காருக்கு என்ன விதியோ, அதே விதிதான் இவற்றுக்கும். அந்த விதி யாருக்கு லாபம், யாருக்குச் சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இந்தக் கார்களுக்கு இவ்வளவு மவுசு?

உதாரணத்துக்கு இரண்டு கார்கள். முதலாவது, மசராட்டி 3500 ஜி.டி. ஸ்பைடர். கார் பந்தயங்களில் கொடிகட்டிப் பறந்த மசராட்டி நிறுவனம், 1957-ம் ஆண்டோடு நிறுவனத்தின் சார்பில் பந்தயத்தில் இறங்குவதை நிறுத்திக்கொண்டு, சாலையில் ஓடும் சொகுசு கார்கள் பக்கம் திரும்பியது. அப்படி வந்ததுதான் 3500 ஜி.டி. மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். இதன் கூரை திறக்கும் ரகத்துக்கு டுரின் நகரின் விக்னாலே பட்டறை பாடி கட்டிக்கொடுத்தது. 1959 முதல் 1964 வரை மொத்தமே சுமார் 240 கார்கள்தான் வெளிவந்தன.

இரண்டாவது, ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர். இது அதைவிட அபூர்வம், நூற்றுச் சொச்சம்தான். இதில் ஒன்று 2014-ல் பிரான்ஸ் நாட்டுப் பண்ணை வீடு ஒன்றின் கொட்டகையில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தூசிகூட தட்டாமல் அப்படியே 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1.6 கோடி யூரோவுக்கு மேல். அன்றைய மதிப்பில் 100 கோடி ரூபாயைத் தாண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை, சீட் மாற்றவில்லை. கம்பெனியில் இருந்து எப்படி வந்ததோ, அதிலேயே கை வைக்காமல் கிடந்ததும் இந்த விலைக்கு ஒரு முக்கியக் காரணம். பழைய கார் உலகில் 'ஒரிஜினல்' என்ற ஒரு சொல்தான் விலையைத் தீர்மானிக்கிறது. இந்திய விதியும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மசராட்டிக்கும் வண்டலூருக்கும் என்ன சம்பந்தம்?

அந்த மசராட்டி ஸ்பைடரை வரைந்தவர் ஜியோவானி மிச்செலோட்டி. 1921-ல் டுரினில் பிறந்த வடிவமைப்பாளர். இவரே வரைந்த இன்னொரு கார், தமிழ்நாட்டிலேயே உற்பத்தியானது. அதுதான் 'ஹெரால்டு'.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு - டிரையம்ஃப் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட சின்ன கார் டிரையம்ஃப் ஹெரால்டு. அதை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் சென்னையை ஒட்டிய வண்டலூர் ஆலையில் தயாரித்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம். கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. அன்றைய இந்தியாவில் கார் வாங்க நினைத்த குடும்பத்துக்கு முன்னால் இருந்தது ஏறக்குறைய இந்த மூன்று வழிதான்.

ஆக, கோடீஸ்வரர்களின் சொகுசு காருக்குக் கோடு போட்ட அதே கைதான், நம்மூர் டாக்டரும் மில் மேனேஜரும் ஓட்டிய காருக்கும் கோடு போட்டது. 1970-களின் தொடக்கத்தோடு ஹெரால்டு உற்பத்தி நின்றது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரோடு மறுபடி எழுந்து நிற்கப் பார்த்த நிறுவனம், அந்த முயற்சி கைகொடுக்காமல் 1980-களின் இறுதியில் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இனி ஒரு ஹெரால்டு புதிதாக வரப்போவதில்லை. இருப்பதுதான் இருப்பு.

ஃபியட்டுக்கும் இத்தாலிதான் பூர்வீகம். டுரினின் ஃபியட் நிறுவனத்தின் உரிமத்தோடு, பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த '1100' ரகம்தான் 1970-களில் 'பிரீமியர் பத்மினி' ஆனது. அதன் தயாரிப்பு 2000-ம் ஆண்டையொட்டி முடிந்தது. மும்பைத் தெருக்களில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினியும் 2023 அக்டோபர் இறுதியோடு விடைபெற்றது.

இறக்குமதி விதியில் என்ன மாற்றம்?

பழைய காரை இறக்குமதி செய்ய இந்தியாவில் எப்போதுமே கெடுபிடி அதிகம். சாதாரணமாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் உள்ளே வர வேண்டும் என்றால், அது தயாராகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வின்டேஜ் கார்களுக்குத் தனி விலக்கு இருந்தது. ஆனால் அது 1950-க்கு முன்பு தயாரான கார்களுக்கு மட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவைதான் 1960-களின் கார்கள். வின்டேஜ் என்று சொல்ல வயது போதவில்லை, செகண்ட் ஹேண்ட் என்று சொல்ல வயது ரொம்ப அதிகம்.

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் 2025 தொடக்கத்தில் இதை மாற்றியது. குறிப்பிட்ட ஆண்டு என்ற கணக்கு போய், 'தயாராகி 50 ஆண்டுகள்' என்ற நகரும் கணக்கு வந்தது. அதாவது 2025-ல் 1975 வரையிலான கார்கள், அடுத்த ஆண்டு 1976 வரையிலான கார்கள் என்று வரம்பு தானாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அனுமதி வேறு, செலவு வேறு. சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் கப்பல் செலவும் சேர்ந்தால் காரின் விலையைவிட வரி அதிகமாகிவிடும் நிலைதான் இன்னமும். இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தாலி கார்கள் பெரும்பாலும் இடதுபக்க ஸ்டீயரிங் கொண்டவை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 120-ன்படி, இடதுபக்க ஸ்டீயரிங் வண்டியில் விதிப்படியான சிக்னல் கருவி வேலை செய்யும் நிலையில் இருந்தால்தான் பொதுச் சாலையில் ஓட்ட முடியும்.

'வின்டேஜ்' பதிவு என்றால் என்ன?

கார் வெளியில் இருந்து வந்தாலும் சரி, பழனியிலேயே கிடந்தாலும் சரி, அடுத்து வருவது பதிவு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முக்கிய அம்சங்கள் இவை:

- முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வின்டேஜ்' வாகனங்கள்.

- வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

- புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

- புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி வரிசை எண் கிடைக்கும். தமிழ்நாடு என்றால் 'டி.என். வி.ஏ.' என்று தொடங்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

- கண்காட்சி, வின்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. வணிக நோக்கத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

- வண்டியை விற்கலாம். விற்றவரும் வாங்கியவரும் 90 நாட்களுக்குள் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாவது அம்சத்தில்தான் கதையே இருக்கு. தை மாதக் கூட்டம் ஓய்ந்த பிறகு குடும்பத்தோடு அடிவாரம் வரை போய்ச் சாமி கும்பிட்டு வர வின்டேஜ் பதிவு பெற்ற காரை எடுக்க முடியாது. விதிப்படி அது கண்காட்சியும் இல்லை, ரேலியும் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கோ சினிமா படப்பிடிப்புக்கோ வாடகைக்கு விட்டால் அது வணிகம். ஆக, வின்டேஜ் பதிவு வாங்கினால் கார் காட்சிப் பொருளாகிவிடும்.

சாதாரணப் பதிவைப் புதுப்பித்தால் போதாதா?

அதுவும் ஒரு வழிதான். தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். தகுதிச் சோதனையில் தேற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. '15 வருஷம் ஆச்சுன்னா காரை உடைக்கணுமாமே' என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. பெட்ரோல் காருக்கு 15, டீசல் காருக்கு 10 ஆண்டுகள் என்ற அந்தக் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. தமிழ்நாட்டுத் தனியார் கார்களுக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை.

ஆனால் புதுப்பிக்கும் செலவு ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். இறக்குமதி செய்யப்பட்ட காராக இருந்தால் 80,000 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொட்டகையில் நிற்கும் ஃபியட்டுக்குச் சாதாரணப் புதுப்பித்தல் என்றால் பத்து ஆண்டுகளில் இரண்டு முறை, மொத்தம் 20,000 ரூபாய். வின்டேஜ் பதிவும் பத்து ஆண்டுகளுக்கு 20,000 ரூபாய். செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் வழியில் காரைத் தினமும் ஓட்டலாம். இரண்டாவது வழியில் ஓட்ட முடியாது.

இறக்குமதியான மசராட்டிக்கோ கணக்கே தலைகீழ். சாதாரணப் புதுப்பித்தல் என்றால் ஒவ்வொரு முறையும் 80,000. வின்டேஜ் என்றால் பத்து ஆண்டுக்கும் சேர்த்து 20,000 மட்டும். வெளிநாட்டுக் கார் சேகரிப்பாளருக்கு இது பெரிய சலுகை. வண்டலூர் ஹெரால்டுக்கு இதில் சலுகை எதுவும் இல்லை. பல கோடி ரூபாய் காருக்கு 20,000 என்பது டயர் செலவுகூட இல்லை. ஓடாமல் கிடக்கும் ஒரு ஃபியட்டுக்கு அது வண்டியின் விலையிலேயே ஒரு பங்கு. அதனால்தான் பல வீடுகளில் இந்தக் கார்கள் பதிவு காலாவதியாகிக் கிடக்கின்றன. ஒருநாள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கும் போய்விடுகின்றன.

கூரையை வெட்டினால் கன்வர்ட்டிபிள் ஆகிவிடுமா?

பழைய காரின் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, ஊர்வலத்துக்கு ஏற்ற ஓப்பன் காராக்குவது நம்மூரில் பார்க்கக்கூடிய காட்சிதான். இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது பாதுகாப்பு. ஹெரால்டுக்குத் தனி சேஸி உண்டு. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் 1960-லேயே கம்பெனி அதன் ஓப்பன் டாப் ரகத்தை விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது. ஃபியட்டும் அம்பாசிடரும் அப்படியல்ல. அவற்றில் பாடிதான் எடையைத் தாங்கும் எலும்புக்கூடு. கூரையும் அந்த எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. அதை வெட்டினால் நடுப்பகுதி தளர்ந்து, கதவு சரியாகச் சாத்தாது. விபத்து நடந்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பும் குறைவு. மசராட்டிகூட கூபே காரின் கூரையை வெட்டி ஸ்பைடர் செய்யவில்லை. சக்கர இடைவெளியையே 10 சென்டிமீட்டர் குறைத்து, பாடியைத் தனியாகக் கட்டியது.

இரண்டாவது சட்டம். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வெட்டிய கார் வின்டேஜ் பதிவுக்கும் தகுதி இழந்துவிடும். இதே சிக்கல் இன்னொரு வகைக் கார்களுக்கும் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து ஃபியட்டிலும் அம்பாசிடரிலும் டீசல் இன்ஜினைப் பொருத்தி ஓட்டியது ஊரறிந்த கதை. அன்று அது குடும்பச் செலவைக் குறைத்த புத்திசாலித்தனம். இன்றைய விதிப்படி அது 'அசல்' இல்லை. தினமும் ஓட்டி உழைத்த கார் தகுதி இழக்கிறது. ஓட்டாமல் மூடி வைத்த கார் தகுதி பெறுகிறது.

இ20 பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பதிவு முடிந்தாலும் பிரச்சனை முடியவில்லை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 1960-களின் கார்களில் உள்ள ரப்பர் குழாய், கார்க் கேஸ்கட், கார்புரேட்டர் உதிரிகள் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் டேங்க்கில் அது கிடந்தால் துருப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதும், நீண்ட நாள் நிறுத்தும் முன் டேங்க்கைக் காலி செய்வதும்தான் இப்போதைக்கு வழி. தேய்ந்துபோகும் உதிரிகளை மாற்றுவது பராமரிப்புதான். அதனால் காரின் அசல் தன்மை கெடாது.

கொட்டகையில் கார் இருந்தால் என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுப்பது. அந்தக் காலத்து ஆர்.சி. ஒரு சின்ன கையெழுத்துப் புத்தகம். பத்திரங்களோடு பீரோவில் எங்காவது இருக்கும். முதல் பதிவு நடந்த தேதி அதில்தான் இருக்கிறது. 50 ஆண்டு கணக்கு தொடங்குவது அந்தத் தேதியில் இருந்துதான்.

இரண்டாவது, பெயர். பல வீடுகளில் கார் இன்னமும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும். உரிமையாளர் இறந்தால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு, நிலுவை வரி, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. பங்காளிகளுக்குள் சம்மதம் இல்லாமல் இது நகராது.

மூன்றாவது, சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. துரு ஏறியிருந்தால் மெதுவாகத் துடைத்து, பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கலாம். எண் இருக்கும் தகட்டைச் சுரண்டுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது. ஆர்.சி.யும் சேஸி எண்ணும் ஒத்துப்போகாத கார் எவ்வளவு அபூர்வமானாலும் பதிவு அலுவலகத்தில் அது வெறும் இரும்புதான்.

நான்காவது, முடிவு. குடும்பம் காரை ஓட்ட நினைத்தால் சாதாரணப் புதுப்பித்தல். கண்காட்சிக்கும் ரேலிக்கும் மட்டும் என்றால் வின்டேஜ் பதிவு. இரண்டுக்கும் வசதி இல்லை என்றால், எடைக்குப் போடும் முன் சேகரிப்பாளர்களிடமாவது கேட்டுப் பார்க்கலாம். பழனியில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய காரை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் பார்த்தாலே பாதி புரியும்.

விதியில் விடுபட்டது என்ன?

50 வயது தாண்டிய காரை 'பாரம்பரியம்' என்று சட்டம் ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். 2021-க்கு முன்பு அதற்கென்று நாடு முழுவதற்குமான ஒரே நடைமுறைகூட இல்லை. ஆனால் வெளிநாட்டில் கோடிகள் கொடுத்து வாங்கிய காரையும், இங்கேயே தயாராகி இங்கேயே ஓடி ஓய்ந்த காரையும் ஒரே கட்டணத்தில், ஒரே நிபந்தனையில் வைத்திருக்கிறது விதி. உள்நாட்டில் தயாரான பழைய கார்களுக்குக் குறைந்த கட்டணம், மாதத்தில் சில நாட்களாவது ஓட்ட அனுமதி என்று ஒரு சிறு திருத்தம் வந்தால் போதும். எடைக்குப் போகக் காத்திருக்கும் பல கார்கள் தப்பிக்கும்.

உலகில் எஞ்சியிருக்கும் மசராட்டி ஸ்பைடர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், ஏல நிறுவனங்கள் இருக்கின்றன, பணமும் இருக்கிறது. அதே மிச்செலோட்டி வரைந்து வண்டலூரில் பிறந்த ஹெரால்டுக்கு இருப்பதெல்லாம் ஒரு குடும்பமும், கார்புரேட்டர் டியூன் செய்யத் தெரிந்த வயதான ஒரு மெக்கானிக்கும்தான்.